பிள்ளை யாரிடம் சொல்லும்?

(பதின்பருவப் பிள்ளைகளின் பெற்றோருக்காக நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் குடியைப் பற்றிப் பேச வந்தால் முதல் கேள்வி கடையைப் பற்றித்தான் வரும். "கடையை மூடிட்டா முடிஞ்சு போச்சு, பிள்ளைங்ககிட்ட என்னத்தப் பேசுறது?" என்று கேட்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கதையும் நீளமானது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் போனது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 2016இல் 500 கடைகளும் 2023இல் 500 கடைகளும் மூடப்பட்டன. கடை குறைவது நல்லது. அதற்கு நான் எப்போதும் கை தூக்குவேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். 15 வயதுப் பையனுக்கு அந்தக் கடை சட்டப்படி ஒரு நாளும் திறந்திருந்ததில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு அதன் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் பாட்டில் பையன்களிடம் வந்து சேர்கிறது. எப்படி வருகிறது? பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுகிறார்கள். நண்பனின் அண்ணனோ, பட்டறையில் வேலை செய்யும் அக்கம்பக்கத்து அண்ணனோ, தனக்கு ஒரு கட்டிங் கிடைக்கும் என்று கடைவாசலில் நிற்பவரோ வாங்கித் தருகிறார். கடை மூடிய நாளில் சந்துக்கடை இருக்கிறது. கடைசியாகக் கை மாற்றிக் கொடுப்பவர் எப்போதும் வளர்ந்த ஒருவர்தான். இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற ஒருவர்.

பாட்டில் வந்து சேர்ந்த பிறகு, அந்த மொட்டைமாடியிலோ கண்மாய்க்கரையிலோ அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதுதான் இன்றைய பேச்சு. பெண் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் பொருந்தும். பேச்சு வசதிக்காகப் பையன் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இதைப் பிள்ளைகளுக்குப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் கணக்காகவே சொல்லலாம். அவர்களுக்குக் கணக்குப் புரியும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம்மூர் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 விழுக்காடு சாராயம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். 45 கிலோ எடையுள்ள பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை வேகமாக முடித்தால் அவன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 200 மில்லிகிராமை ஒட்டி ஆல்கஹால் ஏறும். வாகனம் ஓட்டும் பெரியவருக்கு நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு கிராம் அளவில்தான் அதை எரிக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்து குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. விடிகிற வரைக்கும் அவன் உடம்பில் அது இருக்கும். பெரியவர்கள் 'ஒரு குவார்ட்டர்தானே' என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதைச் சின்ன அளவு என்று நினைக்கிறான். அவன் உடம்புக்கு அது சின்ன அளவு கிடையாது.

தொடங்கும் வயதும் முக்கியம். அமெரிக்காவில் பிரிட்ஜெட் கிராண்ட், டெபோரா டாசன் என்ற இருவர் 27,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. சீக்கிரம் தொடங்கும் பிள்ளைக்கு வேறு துயரங்களும் இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் வயதின் மீது போட முடியாது. இருந்தாலும் ஒவ்வொரு ஆண்டாகத் தள்ளிப்போடுவது வீண் வேலை ஆகாது.

இனி நண்பர்கள். 'சேர்க்கை சரியில்லை' என்று நாம் சொல்லும்போது நம் மனக்கண்ணில் ஒரு காட்சி ஓடுகிறது. நாலு கெட்ட பையன்கள் நம் பிள்ளையைப் பிடித்து வைத்து வாயில் ஊற்றுகிறார்கள். நான் பேசிப் பார்த்த பிள்ளைகள் யாரும் அப்படி ஒரு காட்சியைச் சொன்னதில்லை. அவர்கள் சொல்வது வேறு. ஒருவனுக்குப் பிறந்தநாள். ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். டம்ளர் சுற்றி வருகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தன் முறை வரும்போது எல்லாரும் தன்னைப் பார்ப்பதாக இவனுக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான். வேண்டாம் என்றால் நாளைக்கு வகுப்பில் 'பழம்' என்று பெயர் வைப்பார்கள். அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். வாட்ஸ்ஆப்பில் இவன் இல்லாத இன்னொரு குழு தொடங்கிவிடும். பிராந்தியின் மேல் அவனுக்கு ஆசையில்லை. அந்த ஏழு பேரில் ஒருவனாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

இது வெறும் மனப்பிரமை இல்லை. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பர்க் என்ற உளவியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் கூடுதல் புள்ளி, சிவப்பில் மாட்டினால் விபத்து. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியபோது பெரியவர்களைப் போலவே ஆடினார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது அவர்கள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. 2011இல் ஸ்டீன்பர்க்கின் குழுவினர் மூளையைப் படமெடுத்துக்கொண்டே இதைப் போன்ற ஓர் ஆட்டத்தை ஆடவைத்தார்கள். நண்பர்கள் பக்கத்து அறையில் இருந்து திரையில் பார்க்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதற்கே இன்பத்தை எதிர்பார்க்கும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்தினரிடம் கூடுதலாக வேலை செய்தன. நிதானித்து முடிவெடுக்கும் நெற்றிப் பகுதி முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆகவே வீட்டில் நம்மோடு தனியாக இருக்கும்போது "நான் அதெல்லாம் தொட மாட்டேன்பா" என்று சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவன் அதை மனதாரத்தான் சொல்கிறான். மொட்டைமாடியில் அவன் மூளைக்கு வேறு நிலைமை.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நட்புக்கு நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்கள். பெற்றோர்களாகிய நாம் பெரும்பாலும் கடைசி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பேசுகிறோம். நண்பன் என்றால் சந்தேகம் என்று ஆகிவிட்டது. நட்பை மதிக்காமல் பேசுகிற பெற்றோரிடம் எந்தப் பிள்ளையும் தன் நண்பர்களைப் பற்றிப் பேச மாட்டான்.

அதே நட்புதான் அவனைக் காப்பாற்றவும் செய்யும். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் செய்த சோதனை புகழ்பெற்றது. அட்டையில் சில கோடுகள். எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும், குழந்தைக்கும் தெரிகிற விடை. சுற்றியிருந்தவர்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையையே சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தத் தவறான விடையைச் சொன்னார்கள். பலரும் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதன் அடுத்த பகுதிதான் முக்கியம். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, மற்றவர்களோடு ஒத்துப்போவது ஏறத்தாழ கால்பங்காகக் குறைந்தது. ஒருவர் போதும். ஏழு பேர் வட்டத்தில் "எனக்கும் வேணாம்டா" என்று சொல்ல இன்னொருவன் இருந்தால் இவனால் நிமிர்ந்து உட்கார முடியும்.

எனவே "அவங்களோட சேராதே" என்று ஒட்டுமொத்தமாக வெட்டுவதைவிட, "அதுல யாரு உன்ன மாதிரியே யோசிக்கிறான்?" என்று கேட்பது பயன் தரும். அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், தோசை ஊற்றிக் கொடுங்கள். அவன் அம்மா அப்பாவைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளும் எங்கே போனாலும் சேர்ந்து போகட்டும், சேர்ந்து வரட்டும்.

பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "எல்லாரும் குடிக்கிறாங்கப்பா." அவன் அதை நம்புகிறான். இதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் இருவரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். வளாகத்தில் நடக்கும் குடி மாணவர்களுக்கு உள்ளூர அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் அது பிடித்திருக்கிறது, தான் மட்டுமே தயங்குகிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு பேர் வட்டத்திலும் நாலு பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கக்கூடும்.

நம் ஊர்க் கணக்கையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 25 பேர் மது அருந்துபவர்கள். சினிமாவைப் பார்த்தால், கல்யாண வீட்டுப் பின்கட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நான்கில் மூன்று ஆண்கள் குடிப்பதில்லை என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மது அருந்துபவர்கள் 1.3 விழுக்காடு. சிலர் மறைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும் குடிக்காத பிள்ளைகளே மிகப் பெரும்பான்மை. அந்த 1.3 விழுக்காடு என்பதே நாடு முழுக்க 30 லட்சம் பிள்ளைகள், அது என் தூக்கத்தைக் கெடுக்கிற எண்ணிக்கை. ஆனால் பிள்ளையிடம் பேசும்போது நான் குடிக்காதவர்களின் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்வேன். 'ஊரே இப்படித்தான்' என்று பெரியவர்கள் புலம்பப் புலம்ப, குடிக்காத பிள்ளை தன்னைத் தனி ஆளாக உணர்கிறான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். பிள்ளையைக் கண்காணித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். பையைச் சோதிக்கிறோம், போனைப் பிடுங்கிப் பார்க்கிறோம், வாயை மோந்து பார்க்கிறோம். ஸ்வீடன் நாட்டில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதியவை என் எண்ணத்தை மாற்றின. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்பது நன்றாகத் தெரிந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது? துருவித் துருவிக் கேட்டதால் தெரிந்தது கொஞ்சம். பெரும்பகுதி பிள்ளையே தானாக வந்து சொன்னது. நாம் அறிவது பிள்ளை சொல்லத் துணிந்ததை மட்டுமே. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பிள்ளையிடம் என்ன பேசலாம் என்று கேட்பதற்கு முன், பிள்ளை நம்மிடம் வந்து பேசுவதற்கு என்ன தடை என்று கேட்போம்.

தடை பெரும்பாலும் முதல் நிமிடத்தில் நாம் செய்வதுதான். இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள். அம்மா ஸ்கூட்டர் ஓட்டுகிறார், பையன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். இப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்கும். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தால் அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். வண்டியில் போகும்போது, வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள்.

"உங்க கிளாஸ்ல யாராச்சும் குடிச்சுப் பாத்திருக்காங்களாடா?"

"ஏம்மா திடீர்னு?"

"சும்மாதான் கேட்டேன்."

"ரெண்டு மூணு பேரு பீர் அடிச்சிருக்கானுங்க."

எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "யாரு? அந்த மூணாவது தெரு பையன்தானே? அவன்கூடச் சேராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்றால் பேச்சு முடிந்தது. அடுத்த பேச்சுக்கு இரண்டு ஆண்டு ஆகும். அந்த அம்மா இப்படிக் கேட்டிருந்தால்?

"உன்னையும் கூப்பிட்டாங்களா?"

"ம்."

"நீ என்ன சொன்னே?"

"வேணாம்னேன். ஒரே ஓட்டு."

"கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமா... ஆனா பரவால்ல."

பெயர் கேட்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. பையன் தன் கதையில் பாதியைச் சொல்லிவிட்டான். மீதிப் பாதியை இன்னொரு நாள் சொல்வான். அதன் பிறகு அந்த அம்மா தன் நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "நீ குடிக்கிறதுல எனக்குச் சம்மதம் இல்லப்பா. 21 வயசு வரைக்கும் வேணவே வேணாம். அதுல மாத்தம் கிடையாது. ஆனா எது நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு." இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். பாசமாகப் பேசுவதென்றால் விட்டுக்கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். பிள்ளைக்கு வீட்டின் விதி சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். அந்த மொட்டைமாடியில் சாய்ந்துகொள்ள அவனுக்கு ஒரு சுவர் வேண்டும். "எங்கம்மா வாய ஊதச் சொல்லும்டா, செத்தேன்" என்று நம்மைக் காரணம் காட்டி அவன் தப்பிக்கட்டும். நாம் பொல்லாத அம்மாவாக, பொல்லாத அப்பாவாக அவன் நண்பர்களிடம் பேர் வாங்கினால் குறைந்துபோக மாட்டோம். இந்தச் சாக்கைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாமே அவனுக்கு அனுமதி கொடுக்கலாம். காலையில் மேட்ச் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன், எனக்கு ஒத்துக்காது என்று பிள்ளைகளே வைத்திருக்கும் சாக்குகளும் உண்டு. கையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் செவன்அப் இருந்தால் பாதித் தொந்தரவு இல்லை.

வசதியான வீடுகளில் இப்போது வேறொரு பேச்சு கேட்கிறது. "வெளியே போய்க் கண்டதைக் குடிக்கிறதுக்கு வீட்டிலேயே நம்ம கண் முன்னால ஒரு பீர் குடிக்கட்டுமே." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் மாட்டிக் தலைமையில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அவர்கள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதற்கான வாய்ப்புத்தான் கூடியது.

இன்னொரு பக்கம், பயமுறுத்தல். கல்லீரல் படம், விபத்துப் படம், காவல்துறை அதிகாரியின் உரை. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய டேர் என்ற திட்டத்தில் காவலர்கள் வகுப்பறைக்கு வந்து போதைக்கு எதிராகப் பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கு மிகவும் பிடித்திருந்தது. 1990களில் ஆய்வு செய்தபோது பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அது குறிப்பிடும்படியான மாற்றம் எதையும் செய்யவில்லை என்று தெரிந்தது. மேடையில் நின்று ஒருமுறை பேசிவிட்டுப் போவதால் பிள்ளை மாறுவதில்லை. என் உரையும் அதற்கு விலக்கு இல்லை. அதனால்தான் இன்று பிள்ளைகளைவிடப் பெற்றோரை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, தயக்கத்தோடு ஆனாலும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. குடிக்கிற அப்பா. இந்த அவையில் இருக்கும் தகப்பனார்களில் சிலர் குடிப்பவர்களாக இருக்கலாம். "நானே குடிக்கிறேன், எந்த முகத்தோட பையன்கிட்டப் பேசுறது?" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். ஒதுங்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் குடிப்பது தெரியும். எத்தனை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டால் எப்படி இருப்பீர்கள் என்பதும் தெரியும். நீங்கள் நினைக்கிறதைவிட அதிகம் தெரியும். அதனால் மறைத்துப் பேசிப் பயனில்லை. "நான் இருபது வயசுல கூட்டாளிங்களோட சேர்ந்து ஆரம்பிச்சேன்டா. நிறுத்த நினைச்சப்ப முடியல. உங்கம்மாவோட எத்தனை சண்டை வந்திருக்குன்னு நீயே பாத்திருக்க. நீ இதுல சிக்கக் கூடாதுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்கிற அப்பாவின் பேச்சைப் பிள்ளை மறக்க மாட்டான். எந்த ஆலோசகராலும் அந்தப் பேச்சைப் பேச முடியாது. பேசுகிற நேரம் மட்டும் முக்கியம். போதையில் பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். கூடவே நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. சோடா வாங்கிவர, தண்ணீர் பாக்கெட் வாங்கிவர, சைடு டிஷ் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். காலிப் பாட்டிலை எடுத்துப் போடச் சொல்லாதீர்கள். தந்தையின் குடிக்குக் கைவேலை செய்து பழகிய பிள்ளைக்கு அந்தப் பாட்டில் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிடுகிறது.

அப்பா பேச மறுக்கும் வீடுகளும் உண்டு. அங்கே அம்மா தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. "நீயும் உங்கப்பன் மாதிரியே ஆகப்போற" என்ற வாக்கியத்தை மட்டும் அந்தத் தாய்மார்கள் விட்டுவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிள்ளை அதைச் சாபமாகக் கேட்கிறான். தாய்மாமன், தாத்தா, பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் என்று குடிக்காத ஆண் ஒருவரின் நெருக்கம் அவனுக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதே நேரம், திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் "மாப்ள, ஒரு வாய் குடிச்சுப் பாரு, ஆம்பளப் பிள்ளதானே" என்று டம்ளரை நீட்டுகிற உறவுக்காரரும் பெரும்பாலும் ஒரு மாமாதான். அவரிடம் முன்கூட்டியே, மரியாதையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டியது பெற்றோர். பிள்ளையைவிட்டு மாமாவை மறுக்கச் சொல்வது நியாயமில்லை.

இரவில் வரும் தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1981இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாணவர்கள் இறந்ததையொட்டி ராபர்ட் அனஸ்டாஸ் என்ற பள்ளிப் பயிற்றுநர் மாணவர் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தம் அதில் இருந்தது. நான் குடித்திருந்தாலோ, வண்டி ஓட்டுபவன் குடித்திருந்தாலோ உங்களைக் கூப்பிடுகிறேன் என்று பிள்ளை எழுதித் தருவான். எந்த நேரமானாலும் வருகிறேன், அங்கேயே வைத்துத் திட்ட மாட்டேன் என்று பெற்றோர் எழுதித் தருவார்கள். நம் வீடுகளுக்கு இதைவிடத் தேவையான ஒப்பந்தம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரே பைக்கில் மூன்று பேர், ஓட்டுபவன் குடித்திருக்கிறான், அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார் என்ற பயத்தில் பின்னால் ஏறி உட்காரும் பையனை நினைத்துப் பாருங்கள். அப்பாவின் மீதுள்ள பயம் அந்த நேரத்தில் சாவின் மீதுள்ள பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்த இரவு போய்க் கூட்டிவாருங்கள். தண்ணீர் கொடுத்துப் படுக்கவையுங்கள். மறுநாள் காலையில், சாப்பிட்ட பிறகு, பேசுங்கள். பேசாமல் விடவும் கூடாது.

பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் மாணவப் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்களில் யாராவது மட்டையாகிவிட்டால் அவனைத் தனியாக விட்டுவிட்டு ஓடாதீர்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடுவான். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தட்டி எழுப்பினாலும் அசையவில்லை, மூச்சு மெதுவாகிறது, உடம்பு ஜில்லிட்டுப்போகிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். மாட்டிக்கொள்வோமே என்று யோசிக்காதீர்கள். நண்பனுக்கு நீங்கள் செய்யக்கூடியதிலேயே பெரிய காரியம் அது.

ஒரு வீடு மட்டும் தனியாக இதையெல்லாம் செய்தால் சிரமம்தான். ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையானவர்கள் 1998இல் 42 விழுக்காடு. 2016இல் 5 விழுக்காடு. அங்கே மது வாங்கும் வயது 20. பள்ளிக்குப் பிறகான மாலை நேரத்துக்கு விளையாட்டும் இசையும் நடனமும் அரசு செலவில் பரவலாகக் கிடைக்கச் செய்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் இரவில் இன்ன நேரத்துக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது என்பதைப் பெற்றோர்கள் ஊராகச் சேர்ந்து கடைப்பிடித்தார்கள். சின்ன நாடு, பணக்கார நாடு, அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. ஆனால் பெற்றோர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பகுதிக்குப் பணம் தேவையில்லை. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவில் மதிப்பெண்ணும் ஃபீஸும் தவிர இதையும் பேசலாம். பொதுத்தேர்வு முடிகிற அன்று பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யார் வீட்டில் கூடுகிறார்கள், அந்த வீட்டில் பெரியவர் யார் இருக்கிறார் என்று நாலு பெற்றோர் பேசிவைத்துக்கொண்டால், "அவங்க வீட்ல எல்லாம் விடுறாங்க" என்ற வாதம் எந்த வீட்டிலும் எடுபடாது. தெருமுனை மைதானத்தில் மாலையில் விளக்கு எரிகிறதா என்று உள்ளாட்சி உறுப்பினரிடம் கேட்பதும் இந்த வேலையின் பகுதிதான்.

பிள்ளை ஏற்கெனவே தொடங்கிவிட்டான் என்று தெரிந்த பெற்றோரும் இங்கே இருப்பீர்கள். ஒருமுறை குடித்துப் பார்த்தவனைக் குடிகாரன் என்று அழைக்காதீர்கள், உறவுக்காரர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டில் எழும் கூச்சல் இரண்டு மடங்காகிறது, படிப்பை நிறுத்துகிறார்கள், அவசரமாகக் கல்யாணம் பேசுகிறார்கள். இதனால் அடுத்த பெண் பிள்ளை எதையும் வாய்திறந்து சொல்லாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறாள். எப்போது, யாரோடு, எதற்காக என்று பொறுமையாகக் கேளுங்கள். நண்பர்களுக்காகக் குடிப்பவனுக்கும், தூக்கம் வராததால், மனம் தாங்காததால் தனியாகக் குடிப்பவனுக்கும் வேறு வேறு உதவி வேண்டும். இரண்டாவது பிள்ளையை உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஒரு பெண் தொடங்கியது அது. தொலைபேசியில் பேச, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலிமனஸ் எண் 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. பிள்ளை வர மறுத்தால் முதலில் பெற்றோரே பேசலாம்.

இனி உங்கள் கேள்விகள். எழுந்து நின்று கேட்கத் தயங்குகிறவர்கள் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பின்வரிசையிலிருந்து வரும் சீட்டுகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.